குன்றுகளும் மக்கள் தீர்ப்பும்
கலிபோர்னியாவின் பிராந்தியப் பூங்கா மாவட்டச் சட்டம் - ஒரு வரலாற்று நோக்கு

நிலப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1872 ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். ஐக்கிய அமெரிக்காவின் கொங்கிரஸ் யெலோஸ்டோன் பிரதேசத்தைத் தேசியப் பூங்காவாக ஒதுக்கிச் சட்டமியற்றியது அவ்வாண்டிலேயாகும். அதன்பின் உலகின் பல நாடுகளிலும் அரசுகள் காடுகளையும் மலைகளையும் சட்டத்தின் காப்பிற்குள் கொண்டுவந்தன. ஆயின் இத்தகைய பூங்காக்கள் நகரங்களிலிருந்து நெடுந்தொலைவில் அமைந்தவை. பட்டறைத் தொழிலாளியோ பாடசாலை மாணவனோ ஒரு விடுமுறை நாளிற் சென்று மீளக்கூடியவை அல்ல. மறுபுறத்தில், நகரசபைகள் பேணிவந்த பூங்காக்கள் சில ஏக்கர் பரப்பளவுக்குள் அடங்கிவிட்டன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், நகரின் எல்லை முடிவடைந்து நாட்டுப்புறம் தொடங்கும் இடத்திலே கிடக்கும் குன்றுகளுக்கும் ஓடைகளுக்கும் யார் பொறுப்பு என்ற வினா நீண்டகாலமாக விடையின்றியே இருந்தது.

மத்திய அரசுக்கு அவை சிறியன; நகரசபைக்கு அவை பெரியன. ஒரு நகரசபையின் அதிகாரம் அதன் எல்லையோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு மலைத்தொடர் பல நகரங்களின் எல்லைகளைக் கடந்து செல்லும். இச்சிக்கலுக்குச் சட்டத்தின் வழியாக அமெரிக்கர் கண்ட தீர்வுகளுள் ஒன்றே பூங்கா மாவட்டம் ஆகும். இங்கே மாவட்டம் என்ற சொல் நமக்குப் பழக்கமான நிருவாக மாவட்டத்தைக் குறிப்பதன்று. ஒரே நோக்கத்திற்காக, பல உள்ளூராட்சிகளின் எல்லைகளை ஒருங்கே தழுவி, தனக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட சபையையும் வரிவிதிக்கும் உரிமையையும் உடையதாக அமைக்கப்படும் தனிச் சட்ட நிறுவனத்தையே அது குறிக்கின்றது. இந்நிறுவனம் கலிபோர்னியா மாநிலத்திலே 1933 இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் எவ்வாறு உருப்பெற்றது, அச்சட்டம் எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்கவில்லை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோடிச் சட்டங்கள்

பல நகரங்களுக்குப் பொதுவான பூங்கா அதிகாரம் என்ற எண்ணம் கலிபோர்னியாவில் முதன்முதலாகத் தோன்றியதன்று. மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1893 இல் பொஸ்டன் நகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் உள்ளடக்கிய பெருநகரப் பூங்கா ஆணைக்குழுவை நிறுவியது. நிலவனப்புக் கலைஞர் சார்ள்ஸ் எலியட், பத்திரிகையாளர் சில்வெஸ்டர் பக்ஸ்டர் ஆகிய இருவரின் முயற்சியே இதற்குக் காரணமாயிற்று. சிக்காகோ நகரைச் சூழ்ந்த குக் கவுண்டியிலோ பாதை அவ்வளவு இலகுவானதாக இருக்கவில்லை. காடுகளைக் காக்கும் மாவட்டமொன்றை அமைப்பதற்கென இலினோய் மாநிலம் 1909 இல் இயற்றிய சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதென மாநில உயர்நீதிமன்றத்தால் 1911 இல் தள்ளுபடி செய்யப்பட்டது. 1913 இல் இயற்றப்பட்ட புதிய சட்டமே நிலைபெற்றது. ஒகாயோ மாநிலத்தின் 1917 ஆம் ஆண்டுச் சட்டம் கிளீவ்லண்ட் நகர்ப்புறத்துக்கு அத்தகைய மாவட்டத்தை வழங்கியது.

இம்முன்னோடிகளிலிருந்து ஓருண்மை புலனாகின்றது. நிலத்தைக் காப்பதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. நிலத்தை வாங்கவும், வரி விதிக்கவும், நகர எல்லைகளைக் கடந்து செயற்படவும் தெளிவான சட்ட அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரம் நீதிமன்றத்தின் சோதனையைத் தாங்கவும் வேண்டும்.

குன்றுகளின் பழைய வரலாறு

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையிலே ஒக்லண்ட், பேர்க்கிலி முதலிய நகரங்கள் அமைந்துள்ளன. அந்நகரங்களுக்குப் பின்னால் வடக்குத் தெற்காக ஒரு குன்றுத்தொடர் நீண்டு செல்கின்றது. இந்நிலத்தின் ஆதிக் குடிகள் ஓலோனி மக்கள் ஆவர். ஸ்பானியர் வருகையோடு அவர்தம் வாழ்வு சிதைந்தது. 1820 இல் ஸ்பானிய ஆட்சி, லூயி மரியா பெரால்டா என்ற படைவீரருக்கு ஏறத்தாழ 44,800 ஏக்கர் நிலத்தை மானியமாக வழங்கியது. இன்றைய ஒக்லண்ட், பேர்க்கிலி நகரங்கள் அம்மானிய நிலத்திலேயே எழுந்தவை. கலிபோர்னியா அமெரிக்கர் கைக்கு மாறிய பின்னர், 1851 ஆம் ஆண்டின் காணிச் சட்டம் பழைய மானியக்காரர் ஒவ்வொருவரும் தம் உரிமையை ஆணைக்குழுவின் முன் நிறுவவேண்டுமெனப் பணித்தது. வழக்குச் செலவும் அத்துமீறிக் குடியேறியோரின் நெருக்குதலும் சேர்ந்து பெரால்டா குடும்பத்தின் நிலத்தைக் கூறுபடுத்தின. இதே காலப்பகுதியில் குன்றுகளின் உச்சியில் நின்ற பெரும் செம்மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. தங்க வேட்டையால் திடீரென வளர்ந்த சான் பிரான்சிஸ்கோ நகரின் வீடுகளுக்கு அவை பலகைகளாயின. 1860 அளவில் அக்காடு அடிமரங்களின் வெளியாயிற்று.

வெறுமையாகிய குன்றுகளைப் பின்னர் கைக்கொண்டவை தனியார் நீர்க் கம்பனிகள். நகருக்கு நீர் வழங்க நீர்த்தேக்கம் வேண்டும். நீர்த்தேக்கத்துக்கு நீரேந்து பிரதேசம் வேண்டும். எனவே கம்பனிகள் குன்றுகளையும் பள்ளத்தாக்குகளையும் தொடர்ச்சியாக வாங்கின. அன்ரனி சபோ என்பவரின் கம்பனி தெமெஸ்கால், சான் லியாண்ட்ரோ ஓடைகளை அணைகளால் மறித்தது. 1906 இல் மக்கள் நீர்க் கம்பனியும் 1916 இல் கிழக்கு விரிகுடா நீர்க் கம்பனியும் அவ்வுடைமைகளுக்கு வாரிசாயின. இக்கம்பனிகளின் நோக்கம் இலாபமே. ஆயினும், நீரேந்து பிரதேசத்தில் வீடுகள் எழாதவாறு அவை தடுத்தமையால், ஒரு பெருநகரின் வாசலிலே பல்லாயிரம் ஏக்கர் நிலம் குடியேற்றமின்றி எஞ்சியது. பாதுகாப்பை நோக்கமாகக் கொள்ளாத ஒரு செயல் பாதுகாப்புக்கு வழிவகுத்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றெனலாம்.

தேவைக்கு மேற்பட்ட நிலம்

தனியார் கம்பனிகளால் வளர்ந்துவரும் நகரங்களின் தாகத்தைத் தீர்க்க இயலவில்லை. 1921 ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமொன்று நகரங்கள் பலவும் இணைந்து பொதுப் பயன்பாட்டு மாவட்டங்களை அமைக்க இடமளித்தது. அதன்கீழ் 1923 இல் வாக்காளர் கிழக்கு விரிகுடா நகரசபைப் பயன்பாட்டு மாவட்டத்தை உருவாக்கினர். இந்நீர் மாவட்டம் சியரா நெவாடா மலைகளிலிருந்து மொக்கலமி ஆற்றின் நீரைக் குழாய்வழி கொணர்ந்தது. அதற்கான அணை 1929 இல் நிறைவுற்றது. அணைக்கு ஜோர்ஜ் பார்டீயின் பெயர் இடப்பட்டது. முன்னாளில் மாநில ஆளுநராக இருந்த இவர் நீர் மாவட்டச் சபையின் தலைவராக விளங்கியவர்.

1928 இல் நீர் மாவட்டம் பழைய கம்பனியின் உடைமைகளை வாங்கியபோது ஏறத்தாழ 40,000 ஏக்கர் நிலமும் அதன் கைக்கு வந்தது. தொலைவிலுள்ள மலையிலிருந்து நீர் வரத் தொடங்கியதும் உள்ளூர் நீரேந்து பிரதேசம் முழுவதும் தேவையற்றதாயிற்று. ஏறத்தாழ 10,000 ஏக்கர் மேலதிக நிலமெனக் கணிக்கப்பட்டது. அதனை நிலத்தரகர்க்கு விற்பதா, பொதுமக்களுக்கென வைத்திருப்பதா என்ற வினா அப்போது எழுந்தது.

அவ்வினாவுக்கு மக்கள் சார்பில் விடையிறுக்க முன்வந்தவர்களுள் றொபேட் சிப்லி முதன்மையானவர். கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பழைய மாணவர் சங்கத்தின் நிருவாகியான இவர் அக்குன்றுகளிற் கால்நடையாகத் திரிவதில் ஈடுபாடு கொண்டவர். இவரும் இவரைப் போன்றோரும் கிழக்கு விரிகுடாப் பெருநகரப் பூங்காச் சங்கத்தை அமைத்தனர். பல்கலைக்கழகத்தின் பொது நிருவாகப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த சாமுவேல் மே, இவ்வார்வத்தை ஆய்வின் துணைகொண்டு வலுப்படுத்த முனைந்தார். அவரது ஏற்பாட்டில், புகழ்பெற்ற நிலவனப்புக் கலைஞர்களாகிய ஒல்ம்ஸ்டெட் சகோதரர் நிறுவனத்தாரும் தேசியப் பூங்காச் சேவையைச் சேர்ந்த அன்சல் ஹோலும் ஆராய்ந்து 1930 இல் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். வடக்கே வைல்ட்கற் பள்ளத்தாக்கிலிருந்து தெற்கே சபோ ஏரி வரை 10,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தொடர்ச்சியான பூங்காவாகக் காக்க வேண்டுமென அவ்வறிக்கை பரிந்துரைத்தது. ஏனைய அமெரிக்க நகரங்களோடு ஒப்பிடுகையில் இப்பகுதி நகரங்கள் பூங்கா நிலத்தில் எவ்வளவு பின்தங்கியுள்ளன என்பதையும் அது எடுத்துக்காட்டியது.

நீர் மாவட்டமே பூங்காக்களையும் நடத்த வேண்டும் என்பதே இயக்கத்தினரின் முதல் வேண்டுகோளாக இருந்தது. சபை அதற்கு உடன்படவில்லை. நீர் வழங்குவதற்கென அமைக்கப்பட்ட நிறுவனம் பூங்கா நடத்தப் புகுதல் தகாதென்பது பார்டீ முதலியோரின் நிலைப்பாடு. இம்மறுப்பைக் குறுகிய நோக்குடையதென ஒதுக்கிவிடல் எளிது. ஆயின், பெருந்தொகைக் கடன்முறிகளுக்குப் பொறுப்பேற்று நின்ற ஒரு நிறுவனம் தனது கடமையின் எல்லையை வரையறுத்துக்கொண்டதில் நியாயம் இல்லையென்று கூற முடியாது. மேலும், அம்மறுப்பே புதியதொரு சட்டத்தின் தேவையை உண்டாக்கியது என்பது நோக்கத்தக்கது.

1933 ஆம் ஆண்டுச் சட்டம்

புதிய சட்டமூலத்தை மாநிலச் சட்டசபையில் முன்னெடுத்துச் செல்வதில் ஒக்லண்டின் முன்னாள் நகரபிதா பிராங்க் மொட் பெரும் பங்கு வகித்தார். 1114 ஆம் இலக்கச் சட்டமூலமாக முன்வைக்கப்பட்ட இது சட்டசபையின் அங்கீகாரத்தைப் பெற்று, 1933 இல் ஆளுநர் ஜேம்ஸ் றொல்பின் ஒப்பத்துடன் சட்டமாயிற்று. பின்னர் இது மாநிலப் பொது வளங்கள் சட்டக்கோவையின் 5500 ஆம் பிரிவு முதலாகத் தொகுக்கப்பட்டது. இன்றும் அவ்விலக்கத்தாலேயே சட்ட வல்லுநர் இதனைச் சுட்டுவர்.

இச்சட்டத்தின் அமைப்பை நான்கு கூறுகளாக விளக்கலாம். முதலாவது, மாவட்டம் மேலிருந்து திணிக்கப்படுவதன்று. வாக்காளரின் விண்ணப்பத்தில் தொடங்கி, தேர்தலில் பெரும்பான்மை பெற்ற பின்னரே அது பிறக்கின்றது. இரண்டாவது, அதன் பணிப்பாளர் சபை மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்படுவது. எந்த நகரசபைக்கும் கட்டுப்பட்டதன்று. மூன்றாவது, தன் எல்லைக்குட்பட்ட ஆதனங்களின்மீது வரி விதிக்கும் உரிமை அதற்கு உண்டு. நான்காவது, நிலத்தை விலைக்கும் நன்கொடையாகவும் பெறவும், வேண்டின் நட்டஈடு வழங்கிக் கட்டாயமாகச் சுவீகரிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு.

இன்று நடைமுறையிலுள்ள சட்டக்கோவையில் மற்றுமொரு ஏற்பாடு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பூங்காவுக்கென முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டுப் பயன்பட்டுவரும் நிலத்தை, சட்டம் வகுத்த சில விலக்குகள் நீங்கலாக, மாவட்ட வாக்காளரின் பெரும்பான்மைச் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. சபைகள் மாறும், அவற்றின் கொள்கைகளும் மாறும். பணமுடை வரும்போது நிலத்தை விற்கும் ஆசையும் எழும். அவ்வாசைக்குக் கடிவாளம் இடுவதே இவ்வேற்பாட்டின் பயன். நிலத்தைப் பெறுவதற்கான அதிகாரத்தைச் சபைக்கு அளித்து, இழப்பதற்கான அதிகாரத்தை மக்களிடமே நிறுத்திவைத்தமை இச்சட்டத்தின் நுட்பமாகும்.

பஞ்சகாலத் தேர்தல்

சட்டம் அனுமதியை மாத்திரமே வழங்கியது. அதனை மெய்ப்படுத்த வேண்டியவர்கள் வாக்காளர். அக்காலமோ பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். 1933 இல் ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்படையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் வேலையற்றிருந்தனர். இத்தகைய வேளையில் புதிய வரியொன்றை விரும்பி ஏற்குமாறு மக்களைக் கேட்பது துணிகரமான செயலே.

கொன்ட்ரா கொஸ்டா கவுண்டி இதில் சேர மறுத்தது. அது பெரும்பாலும் விவசாயக் கவுண்டி. திறந்தவெளி அங்கே எங்கும் இருந்தது. நகரத்தாரின் உலாவுக்காகத் தாம் வரி செலுத்துவதேன் என்பது கிராமப்புறத்தாரின் வாதம். எனவே அலமீடா கவுண்டியிலுள்ள அலமீடா, அல்பனி, பேர்க்கிலி, எமரிவில், ஒக்லண்ட், பீட்மண்ட், சான் லியாண்ட்ரோ ஆகிய ஏழு நகரங்களில் மட்டுமே 1934 நவம்பர் 6 இல் தேர்தல் நடைபெற்றது. வாக்களித்தோரில் ஏறத்தாழ 71 சதவீதத்தினர் மாவட்டத்தை ஆதரித்தனர். மதிப்பிடப்பட்ட ஆதனப் பெறுமதியின் ஒவ்வொரு 100 டொலருக்கும் 5 சதம் வரி என்பது அவர்கள் ஏற்ற சுமை. 3,000 டொலருக்கு மதிப்பிடப்பட்ட வீட்டை உடையவர் ஆண்டுக்கு ஒன்றரை டொலர் செலுத்த வேண்டியிருந்தது. தொகை சிறிதே. ஆனால் வேலையில்லாக் காலத்தில் எந்தத் தொகையும் சிறிதன்று.

முதற் பணிப்பாளர் சபையின் ஐவரையும் நோக்கும்போது இவ்வியக்கத்தின் சமூகத் தளம் ஓரளவு புலனாகின்றது. சட்டத்தரணியும் வர்த்தகருமான சார்ள்ஸ் லீ டில்டன் தலைவரானார். பேர்க்கிலியின் பொலிஸ் தலைவராக இருந்து காவற்றுறைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற ஓகஸ்ட் வொல்மர், மில்ஸ் கல்லூரியின் தலைவி ஒரேலியா றைன்ஹாட், சட்டத்தரணி லீறோய் குட்றிச், தொழிற்சங்கத் தலைவர் தோமஸ் றொபேட்ஸ் ஆகியோர் ஏனைய நால்வர். வர்த்தகரும் தொழிற்சங்கத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். எனினும் அங்கே கல்வியும் செல்வாக்கும் உடையோரே மேலோங்கி நின்றனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

1936 இல் புதிய மாவட்டம் நீர் மாவட்டத்திடமிருந்து 2,166 ஏக்கர் நிலத்தை 656,544 டொலருக்கு வாங்கியது. ஏக்கரொன்றுக்கு ஏறத்தாழ 303 டொலர் வீதம். இந்நிலமே டில்டன், தெமெஸ்கால், சிப்லி ஆகிய மூன்று பூங்காக்களாயிற்று. இறுதியாகக் குறிப்பிட்டது அணைந்த எரிமலையொன்றை உள்ளடக்கியது. சிப்லியின் பெயர் அதற்குப் பின்னாளில் இடப்பட்டது. ஒரு பொது நிறுவனத்தின் நிலத்தை மற்றொரு பொது நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது என்பது கவனத்துக்குரியது. நீர்க்கட்டணம் செலுத்திய அதே மக்களே பூங்கா வரியையும் செலுத்தினர். ஆகவே அவர்கள் தமது நிலத்துக்கு இருமுறை விலைகொடுத்தனர் என வாதிப்பாரும் உளர். பாதைகளையும் பாலங்களையும் கட்டடங்களையும் அமைக்கும் பணியில் ஜனாதிபதி றூஸ்வெல்டின் வேலைவாய்ப்புத் திட்டங்களின் கீழ் வந்த இளைஞர் ஈடுபடுத்தப்பட்டனர். இவ்வாறு பஞ்சகாலம் பூங்காவுக்குத் தடையாகாது துணையாயிற்று.

ஒல்ம்ஸ்டெட் அறிக்கைகள் இரண்டு

சட்டத்தின் முக்கியத்துவத்தை அளவிடுவதற்கு நல்லதோர் ஒப்பீடு உண்டு. 1930 ஆம் ஆண்டிலேயே அதே ஒல்ம்ஸ்டெட் சகோதரர் நிறுவனம், ஹார்லண்ட் பார்தொலமியுவின் நிறுவனத்தோடு இணைந்து, லொஸ் ஏஞ்சல்ஸ் பிராந்தியத்துக்கும் விரிவான பூங்காத் திட்டமொன்றைத் தயாரித்தது. கடற்கரைகள், ஆற்றோரங்கள், மலைகள் யாவற்றையும் ஒன்றிணைக்கும் அத்திட்டத்தை நிறைவேற்றப் பிராந்திய அளவிலான புதிய பூங்கா அதிகாரமொன்று வேண்டுமென அதுவும் பரிந்துரைத்தது. ஆயின் அறிக்கையைத் தயாரிக்கத் தூண்டிய வர்த்தக சங்கத்தினரே அத்தகைய அதிகாரத்தைக் கண்டு தயங்கினர். ஏறத்தாழ 200 பிரதிகள் மாத்திரமே அச்சிடப்பட்ட அவ்வறிக்கை கிடப்பில் இடப்பட்டது.

ஒரே ஆண்டு, ஒரே மாநிலம், ஒரே வல்லுநர். விளைவுகள் மட்டும் வேறு. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? கிழக்கு விரிகுடாவில் மேலதிக நிலம் ஏற்கெனவே பொது உடைமையாய்த் தயாராகக் கிடந்தது ஒரு காரணம். நீர் மாவட்டத்தின்வழி நகர எல்லைகளைக் கடந்த கூட்டாட்சிக்கு மக்கள் பழகியிருந்தமை மற்றொன்று. இவை உண்மையே. ஆயினும் இவை மட்டும் போதியவையல்ல. நிலத்தை வைத்திருந்த நிறுவனம் அதனைப் பூங்காவாக்க மறுத்த வேளையில், அந்நிலத்தை வேறு கைக்கு மாற்றுவதற்கான சட்டக்கருவி இல்லாதிருந்திருப்பின், அது துண்டுகளாக விலைப்பட்டிருக்கும். லொஸ் ஏஞ்சல்ஸில் திட்டம் இருந்தது, அதிகாரம் இருக்கவில்லை. கிழக்கு விரிகுடாவில் திட்டத்துக்குப் பின்னால் சட்டமும், சட்டத்துக்குப் பின்னால் வாக்கும் வந்தன. இதுவே அடிப்படை வேறுபாடு.

விரிவும் நெருக்கடியும்

அடுத்த கால் நூற்றாண்டில் மாவட்டத்தின் வளர்ச்சி மெதுவானது. 1962 இல் வில்லியம் பென் மொட் பொது முகாமையாளராகப் பதவியேற்றதோடு நிலைமை மாறியது. இவர் பிற்காலத்தில், 1985 முதல் 1989 வரை, தேசியப் பூங்காச் சேவையின் பணிப்பாளராக விளங்கியவர். போருக்குப் பிந்திய குடிப்பெருக்கம் கொன்ட்ரா கொஸ்டாவின் பழத்தோட்டங்களை வீட்டுமனைகளாக்கிக் கொண்டிருந்தது. 1934 இல் எங்கும் திறந்தவெளி என்றிருந்த கவுண்டி, 1964 இல் மாவட்டத்தோடு இணைந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் இலவசமாய்க் கிடைத்த ஒன்றைக் காப்பதற்கு இப்போது வரி செலுத்த வேண்டியதாயிற்று. மொட்டுக்குப் பின் 1968 முதல் 1985 வரை றிச்சர்ட் ட்றுடோ பொறுப்பேற்றார். 1973 இல் முதலாவது பெருந்திட்டம் ஏற்கப்பட்டது. குன்றுகளோடு நில்லாது கடற்கரைகளையும் பழைய நிலக்கரிச் சுரங்கங்களையும் மாவட்டம் தன்வயமாக்கியது. வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த பொயின்ட் பினோல் முனையும் பூங்காவாயிற்று.

இக்கடற்கரைப் பூங்காக்களுக்குச் சமூக முக்கியத்துவமும் உண்டு. தொடக்ககாலப் பூங்காக்கள் வசதி படைத்தோர் வாழ்ந்த குன்றுகளை ஒட்டி அமைந்தவை. சமவெளியில் தொழிற்சாலைகளுக்கு அருகே வாழ்ந்த வறியோரும் கறுப்பின மக்களும் வரி செலுத்தினர். ஆனால் வாகனமின்றி அக்குன்றுகளை அடைதல் அவர்க்கு அரிதாயிருந்தது. சட்டம் அனைவர்க்கும் சமமான உரிமையை வழங்கினும் நிலவமைப்பு அதனைச் சமமின்றிப் பகிர்ந்தது. கரையோரத்தை நோக்கிய விரிவு இக்குறையை ஓரளவே நிவர்த்தித்தது.

1933 ஆம் ஆண்டுச் சட்டம் பிற பகுதிகளுக்கும் மாதிரியாயிற்று. 1972 இல் மாரின் கவுண்டியிலும், சாந்தா கிளாரா கவுண்டியின் வடமேற்கிலும் வாக்காளர் இதே சட்டப் பிரிவுகளின் கீழ் திறந்தவெளி மாவட்டங்களை அமைத்தனர். பின்னையது 1976 இல் சான் மட்டேயோ கவுண்டியின் தென்பகுதிக்கும் விரிந்தது. பூங்கா என்ற சொல்லுக்குப் பதிலாகத் திறந்தவெளி என்ற சொல் வந்தமை கருத்துமாற்றத்தின் அறிகுறியாகும். மக்கள் உலாவுவதற்கான இடம் என்பதோடு, நகரின் பரவலைத் தடுக்கும் வேலி என்ற பொருளும் நிலத்துக்கு ஏற்பட்டது. 1990 இல் சொனோமா கவுண்டியில் அமைந்த மாவட்டம் விவசாய நிலத்தையும் தன் நோக்கத்துள் அடக்கியது.

ஆதன வரியையே ஊன்றுகோலாகக் கொண்ட நிறுவனத்துக்கு 1978 ஜூனில் பேரிடி விழுந்தது. அவ்வாண்டு கலிபோர்னிய வாக்காளர் நிறைவேற்றிய 13 ஆம் முன்மொழிவு ஆதன வரியைப் பெறுமதியின் ஒரு சதவீதத்துக்குள் மட்டுப்படுத்தியது. உள்ளூர் அமைப்புகள் விசேட வரி விதிக்க வேண்டின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமெனவும் விதித்தது. மாநிலமெங்கும் ஆதன வரி வருமானம் பாதிக்கும் கீழாகச் சரிந்தது. 1934 இல் வறுமையின் நடுவே வரியை ஏற்ற அதே மாநிலத்தில், செல்வம் பெருகிய காலத்தில் வரிமறுப்பு வெற்றி பெற்றமை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. வீட்டின் சந்தைப் பெறுமதி ஏறியபோது வரியும் ஏறியது; நிலையான வருமானமுடைய முதியோர் அஞ்சினர். அவ்வச்சம் பொய்யானதன்று.

1986 இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, மூன்றில் இரண்டு பங்கு வாக்குடன் உள்ளூர்க் கடன்முறிகளை வெளியிடும் வழி மீண்டும் திறக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்தி 1988 நவம்பரில் 225 மில்லியன் டொலர் கடன்முறிக்கு மாவட்டம் மக்கள் ஒப்புதலைப் பெற்றது. 2008 இல், மீண்டுமொரு நிதி நெருக்கடியின் நடுவே, 500 மில்லியன் டொலர் கடன்முறியும் ஏற்கப்பட்டது. இவ்விரண்டிலும் நான்கிலொரு பங்கு நகரசபைகள் முதலிய உள்ளூர் அமைப்புகளின் பூங்காக்களுக்கென ஒதுக்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கினரின் மனத்தை வெல்லவேண்டிய தேவை, பிராந்திய நிறுவனத்தை மீண்டும் நகரங்களின் நலனோடு பிணைத்தது எனலாம்.

மதிப்பீடு

2,166 ஏக்கரில் தொடங்கிய மாவட்டத்தின் பொறுப்பில் இன்று 125,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் உண்டு. எனினும் பரப்பளவு மட்டும் வெற்றியின் அளவுகோலாகாது. இச்சட்டத்தின் குறைபாடுகளையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும்.

முதலாவதாக, பூங்கா மாவட்டம் நிலத்தை வாங்கும் நிறுவனமேயன்றி நிலப்பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் நிறுவனமன்று. வீட்டுமனைகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் நகரசபைகளிடமும் கவுண்டிகளிடமுமே இருந்தது. ஆகவே நகர் பரவப் பரவ நிலவிலை ஏறியது. ஏறிய விலையைப் பூங்கா மாவட்டமே கொடுக்க நேர்ந்தது. பூங்காவுக்கு அருகிலுள்ள மனை அதிக விலைபெறும் என்பதால், பாதுகாப்பே தன் செலவைத் தான் உயர்த்திக்கொண்டது. இரண்டாவதாக, நிலத்தைப் பெறுவதற்குக் கடன்முறி உதவும். பெற்ற நிலத்தைப் பேணுவதற்கோ ஆண்டுதோறும் வருமானம் வேண்டும். 1991 ஒக்டோபரில் ஒக்லண்ட் குன்றுகளில் மூண்ட தீ 25 உயிர்களைக் கொண்டதோடு மூவாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளையும் அழித்தது. முற்காலத்தில் இலாபம் கருதி நடப்பட்ட யூக்கலிப்டஸ் மரங்கள் அத்தீக்கு உணவாயின. காத்தல் என்பது கைவைக்காமல் விடுதலன்று என்பதை அது உணர்த்தியது. 2004 இல் வாக்காளர் ஏற்ற காணி வரியின் நோக்கங்களுள் தீத்தடுப்பும் இடம்பெற்றது. மூன்றாவதாக, ஓலோனி மக்களுக்கு 1933 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. நீர் மாவட்டத்தின் உரிமையிலிருந்து பூங்கா மாவட்டத்தின் உரிமைக்கு நிலம் மாறியபோது, அதற்கும் முந்திய உரிமை பற்றி எவரும் வினவவில்லை.

இக்குறைகள் இருப்பினும், இச்சட்டம் ஒன்றை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. நிலத்தைக் காக்கும் அதிகாரம் தலைநகரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. அயல் ஊர்கள் பல கூடி, தம் எல்லைகளைத் தாமே கடந்து, தமக்குத் தாமே வரி விதித்து, அதனைச் செய்தல் இயலும். ஆனால் அவ்வாறு பெற்ற அதிகாரம் ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று. 1934 இலும், 1964 இலும், 1988 இலும், 2008 இலும் மக்கள் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டனர். 1978 இல் அவர்கள் வேறு விடை கூறினர். தேசியப் பூங்காவைக் கொங்கிரஸின் சட்டம் காக்கின்றது. பிராந்தியப் பூங்காவையோ ஒவ்வொரு தலைமுறையின் சம்மதமே காக்கின்றது. இது அதன் பலவீனம் எனக் கருதுவோர் உண்டு. ஆயின், ஏழு நகரங்களின் மக்கள் வேலையும் வருவாயும் குன்றிய ஓராண்டில் அளித்த வாக்கு இன்றும் அக்குன்றுகளில் நிலைத்து நிற்பதை நோக்கும்போது, அச்சட்டத்தின் பலமும் அதுவே எனக் கொள்வதே பொருத்தமாகும்.